ஒருவரே சேர்த்த அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியறையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார் பெரியவர் ஒருவர். உள்ளே கையகலப் பித்தளைக் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி. ஒவ்வொன்றின் அடியிலும் வட்டத் துளைகள். "எண்ணிப் பாருங்க தம்பி" என்றார். முதல் கிண்ணத்தில் இருபது துளை. அடுத்ததில் முப்பது. அப்புறம் ஐம்பது, எண்பது, நூறு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கடைசிக் கிண்ணத்தைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் பொடிப்பொடியாகச் சுவரில் விழுந்தது. ஆயிரம் துளை.

முத்துச் சல்லடை அது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் வியாபாரிகள் இப்படிப் பத்துச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். இருபதில் தங்கினால் பெரிய முத்து. ஆயிரத்திலும் தங்காமல் கீழே விழுந்தால் தூள்.

அந்த அறையின் அலமாரியில் சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகம், அதற்குப் பக்கத்தில் பாக்குவெட்டி, அதற்கும் கீழே சங்குகள். வரிசை, வகை, காலம் எதுவும் கிடையாது. ஆனால் எதைத் தொட்டாலும் அது தன் கைக்கு எப்படி வந்தது என்று அவர் சொன்னார். ஒரு தனி மனிதர் சேர்த்த அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டிய முதல் பொருள், சேர்த்தவர்தான். இந்த வழிகாட்டி முழுக்க அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இப்படிப்பட்டவை பெரிதாக வளர்ந்ததும் உண்டு. ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் மூன்றாம் சாலார் ஜங் சேர்த்தவற்றிலிருந்து 1951-ல் பிறந்தது. புனேயில் தினகர் கேல்கர், இறந்துபோன தன் மகன் ராஜாவின் பெயரில் வீட்டுப் புழங்குபொருட்களாகச் சேர்த்து, 1975-ல் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். நமக்குப் பக்கத்திலேயே இருந்தார் கோட்டையூர் ரோஜா முத்தையா. போர்டு எழுதும் ஓவியர். அன்று கோட்டையூரும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அவர் சேர்த்த நூல்களும் நோட்டீசுகளும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நம் கடற்கரையில் இருப்பவை பெரும்பாலும் அந்த நிலைக்கு வராதவை. ஒரு மாடியறை, ஒரு திண்ணை, ஒரு பழைய கடை. அதனால்தான் போகும் முறை தெரிந்து போக வேண்டும்.

முதல் படி: ஆளைக் கண்டுபிடிப்பது

வாசலில் போர்டு இருக்காது. மேப்பில் தேடினாலும் வராது. ஊரில்தான் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி போட யாரிடம் காசும் சங்கும் கேட்டு வாங்கினார்கள் என்று தமிழ் ஆசிரியருக்கோ வரலாற்று ஆசிரியருக்கோ தெரியும். போஸ்ட் ஆபீஸில் புதுத் தபால்தலை வந்தால் முதலில் வந்து நிற்பவர் யார் என்று கேளுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் பெரியவர்கள், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்தவக் கோயில் பங்கு ஆட்கள், பழைய பாத்திரக் கடைக்காரர், இவர்களில் ஒருவராவது வழி காட்டுவார்.

பெயர் கிடைத்ததும் நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பி, பிறகு போன் பேசுங்கள். முதல் போனில் "ஐயா" போதும். பழகிய பிறகு கீழக்கரை, தொண்டிப் பக்கம் "காக்கா" (அண்ணன்), "மாமா" என்று தானாக வந்துவிடும். எதற்காக வருகிறீர்கள், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். நான்காவது ஆள் வந்தால் அந்த அறையில் திரும்ப முடியாது.

இரண்டாம் படி: ஒரு நாள் முன்னதாக வந்துவிடுவது

இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். நேராக வீட்டுக்குப் போனால் கண்ணில் படுவது பழைய சாமான்தான். ஒரு நாள் முன்னால் வந்து ஊரைப் பார்த்தால், அந்தச் சாமான் எல்லாம் பேசத் தொடங்கும்.

ராமநாதபுரத்தில் இறங்கியதும் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போங்கள். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். அதன் சுவர் ஓவியங்களில் ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன, சேதுபதி தஞ்சை மராட்டியரோடு போரிடும் காட்சியும் ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் இருக்கின்றன. கடல் வணிகத்தால் வாழ்ந்த சீமை இது என்பது சுவரைப் பார்த்தாலே விளங்கும்.

வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். அங்கே அகழாய்வில் ரோமானியக் காசுகளும், மதுச்சாடித் துண்டுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மறுநாள் பெரியவர் நீலப்பூ போட்ட ஒரு பீங்கான் சில்லை எடுத்துக் காட்டும்போது நீங்கள் சும்மா தலையாட்ட மாட்டீர்கள்.

நேரம் இருந்தால் ராமேசுவரம் மசூதித் தெருவில் கலாம் வீட்டையும் பார்த்துவிடுங்கள். வீடு ஒன்று காட்சிக்கூடமாக மாறினால் எது கூடுகிறது, எது குறைகிறது என்று அங்கே தெரியும்.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை மதியம் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினத்தில் ஜும்ஆ நேரம். ஞாயிறு காலை பாம்பனில் பூசை நேரம். நோன்பு மாதத்தில் பகலில் போய் ஒரு பெரியவரை இரண்டு மணி நேரம் பேச வைப்பது சரியல்ல. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை எல்லா வீட்டிலும் கண்ணயரும் நேரம். ஆக, வேலை நாளில் காலை பத்து மணி நல்லது. சன்னல் வெளிச்சமும் அப்போதுதான் சரியாக இருக்கும்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், சிலர் பெட்டிகளைத் திறக்கவே மாட்டார்கள். ஈரக்காற்று பட்டால் ஏடும் காகிதமும் பூஞ்சை பிடிக்கும். தை முதல் பங்குனி வரை வந்தால் எல்லாப் பெட்டியும் திறக்கும்.

கையில் ஒரு நோட்டு, பென்சில், சின்ன டார்ச், பூதக்கண்ணாடி. பேனா வேண்டாம், மை சிந்தினால் திருப்ப முடியாது. பழம் வாங்கிக்கொண்டு போகலாம்.

நான்காம் படி: உள்ளே போனதும்

உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். கீழக்கரை வீடாக இருந்தால் தொதல் வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய இனிப்பு. கையில் எண்ணெய் ஒட்டும், தின்றதும் கை கழுவிவிட்டே எழுந்திருங்கள். ஏனென்றால் அடுத்து நீங்கள் தொடப்போவது நூறு வருடத்துக் காகிதமாக இருக்கலாம்.

முதல் பொருளை அவர் எடுக்கட்டும். நீங்கள் கை காட்டி "அது என்ன" என்று தொடங்கினால் அவர் பதில் சொல்பவராகிவிடுவார். அவரே தொடங்கினால் கதை சொல்பவராக இருப்பார். எந்தப் பொருளை முதலில் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாக அதில்தான் அவர் சேர்க்கத் தொடங்கியிருப்பார். முதல் சுற்றில் போனை வெளியே எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பொருளைப் பார்க்கும் முறை

இந்தக் கடற்கரைச் சேகரிப்புகளில் அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

சங்கு. எல்லாரும் முதலில் கேட்பது வலம்புரியைத்தான். சங்கின் கூர்ச்சுருள் மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் உங்கள் வலப்பக்கம் திறந்திருந்தால் சாதாரணச் சங்கு, இடம்புரி. இடப்பக்கம் திறந்திருந்தால்தான் நாம் வலம்புரி என்று சொல்வது. பேர் குழப்பும். சங்கைத் தலைகீழாக, வால் மேலே வரும்படி பிடித்துப் பார்த்தால் பேரும் பக்கமும் ஒத்துப்போகும்.

இதோடு நிறுத்தாதீர்கள். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே இடப்பக்கம் வாய் திறக்கும் வேறொரு சங்கு உண்டு. அதைத்தான் பல இடங்களில் வலம்புரி என்று விற்கிறார்கள். டார்ச்சை வாய்க்குள் அடியுங்கள். நம் சங்கின் நடுத்தூணில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக, விரலால் தடவினால் தட்டுப்படும்படி இருக்கும். அந்த அமெரிக்கச் சங்கில் அப்படி வரிசையாக மடிப்பு இருக்காது. பெரியவரிடம் இருப்பது அந்த வகையாக இருந்தால் அங்கேயே சொல்லிக் காட்டாதீர்கள். அவர் அதை யாரை நம்பி வாங்கினார் என்பதும் ஒரு கதைதான்.

சங்கு மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்பு இல்லை. மர அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவி சங்கின் சுண்ணாம்பை அரிக்கிறது. மூடிய மரப்பெட்டியில் இது வேகமாக நடக்கும். அந்தச் சங்கை மரத்திலிருந்து எடுத்துக் கண்ணாடியிலோ உலோகத் தட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு யோசனைக்காகவே உங்களை மறுபடி கூப்பிடுவார்.

துளையிட்ட பலகை ஒன்று சங்குகளோடு கிடந்தால் விடாதீர்கள். சங்கு குளிப்பவர்கள் கொண்டுவந்த சங்கை அந்தத் துளையில் போட்டுப் பார்ப்பார்கள். நுழைந்தால் குட்டி, கடலுக்கே திரும்பும். இங்கிருந்து போன நல்ல சங்குகள் வங்காளத்தில் பெண்கள் அணியும் வளையல்களாயின.

பவளம், கடல்குதிரை, கடல் அட்டை பற்றி ஒரு வார்த்தை. 2001 முதல் இவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. கரையோரக் கடைகளில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். வாங்கினால் நீங்களும் குற்றவாளி. பெரியவர் வீட்டில் பழைய பவளத்துண்டு இருந்தால், வனத்துறையிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளும்படி தனியாகச் சொல்லுங்கள்.

காசு. ஒருபக்கம் படுத்திருக்கும் காளை, கீழே "சேது" என்ற எழுத்து. பார்த்ததும் சேதுபதி காசு என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளிலும் இதே "சேது" உண்டு. ஆக, அது கடல் தாண்டி வந்த காசாக இருக்கலாம். டச்சுக் கம்பெனிக் காசில் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஓட்டைக் காலணா எல்லாரிடமும் இருக்கும், 1943-லிருந்து 1947 வரை அடித்தது. ஆனால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களுக்குப் பிடிப்பது அதுதான், கயிற்றில் கோத்துக் காட்டுவார்கள். காசைப் புளி போட்டுத் துலக்கியிருந்தால் வருத்தப்படத்தான் வேண்டும். பச்சைப் படலத்தோடு எழுத்தும் தேய்ந்து போயிருக்கும். இனித் துலக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம்.

அளவுகள். ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். வரிசையாக இருந்தால் அனுமதி கேட்டுத் தண்ணீரோ அரிசியோ ஊற்றிப் பாருங்கள். கணக்கு இடித்தால் அது வேறு ஊர்ப் படி. அந்த வித்தியாசத்தில் அந்த வீட்டார் எந்த ஊரோடு வியாபாரம் செய்தார்கள் என்ற தகவல் ஒளிந்திருக்கும்.

காகிதம். என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. அன்று ஒரே டிக்கெட்டில் போய்விட முடிந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் தனுஷ்கோடி என்று அச்சிட்ட ஒரு அட்டை டிக்கெட், ஒரு தபால் முத்திரை, ஒரு கடை ரசீது எங்காவது கண்ணில் பட்டால், இல்லாமல் போன ஊரின் மிச்சம் அது. மண்டபம் முகாமில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பினார்கள். அது தொடர்பான சீட்டு ஏதாவது இருந்தால் அதில் உள்ள பெயரை, ஊரை நிதானமாக நோட்டில் எழுதுங்கள். யாரோ ஒரு பேரன் அந்தப் பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

கீழக்கரையில் அறபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து அரபு, வலமிருந்து இடம். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்த வீட்டு லாத்தா (அக்கா) விரலை வைத்து ஓதத் தொடங்கியதும் காதில் விழுந்தது நம் தமிழ். அந்த இரண்டு நிமிடத்தைப் பதிவு செய்யாமல் வந்ததை நினைத்து இன்றைக்கும் எனக்கு மனது ஆறவில்லை.

ஆறாம் படி: கேட்க வேண்டிய கேள்வி

"இது எவ்வளவு போகும்?" என்று கேட்காதீர்கள். கேட்ட நொடியில் நீங்கள் வியாபாரி ஆகிவிடுவீர்கள், பெட்டி மூடிவிடும். இது யார் கொடுத்தது, அவர் வீட்டில் எதற்குப் பயன்பட்டது, அவர்கள் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இதைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும், இதை மட்டும் ஏன் தூக்கிப் போடாமல் வைத்தீர்கள் என்று கேளுங்கள். பெயரைக் கேட்பதில் கூடுதல் கவனம் வேண்டும். புத்தகத்தில் வராத பெயர்கள் இவர்கள் வாயில்தான் மிஞ்சியிருக்கின்றன. சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

ஏழாம் படி: படமும் பணமும்

படம் எடுக்க ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கேளுங்கள். ஏடு, காகிதம், பழைய புகைப்படத்துக்கு ஃபிளாஷ் போடக்கூடாது. சன்னலோரம் வைத்து எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள்.

இணையத்தில் போடுவதாக இருந்தால் வீடு, தெரு, ஆள் பெயர் எதுவும் வேண்டாம். நான் ஒருமுறை ஆர்வத்தில் படங்களோடு ஊர்ப்பெயரும் போட்டுவிட்டேன். இரண்டே வாரத்தில் பழம்பொருள் வாங்கும் ஆட்கள் அந்த வாசலில் வந்து நின்றார்கள். தனியாக இருந்த அந்த அம்மா பயந்து, பெட்டிகளை எல்லாம் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தச் சேகரிப்பை அதன்பின் நான் பார்க்கவே இல்லை.

நுழைவுக் கட்டணம் என்று எதுவும் இருக்காது. பணத்தை நீட்டினால் பெரும்பாலும் கோபம் வரும். கண்ணாடி அலமாரி, அந்துருண்டை, அமிலம் இல்லாத காகித உறை, இப்படி ஒன்றை அடுத்த முறை வாங்கிக்கொண்டு போங்கள்.

எட்டாம் படி: சட்டம், சுருக்கமாக

நூறு வயதான சிலை, நாணயம், கைவினைப் பொருளும், எழுபத்தைந்து வயதான கையெழுத்துப் பிரதியும் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் போட்டுக்கொள்ளாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து காசு, பானை என்று புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 1878-லிருந்தே அப்படித்தான் சட்டம்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்த பிறகு

பலர் இந்தப் படியைச் செய்வதே இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு சேகரிப்பாளர் இறந்ததும், வீட்டை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு எது எதுவென்று தெரியவில்லை. பித்தளை எல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போனது. அதற்குள் ஒரு முத்துச் சல்லடைத் தொகுதியும் இருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அதனால் பெரியவர் சம்மதித்தால் பட்டியல் போடுங்கள். ஒரு நாளைக்கு இருபது பொருள் போதும். பொருளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பசை கறையாகிவிடும். சின்ன அட்டையில் பென்சிலால் எண் எழுதி வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு நேராகப் பெயர், யார் கொடுத்தது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, அவர் சொன்ன கதை. அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்து, முதலில் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். "பதினேழு. இது எங்க வாப்பா கொழும்பிலிருந்து கொண்டாந்தது" என்று தொடங்கும் ஒரு பதிவு என்னிடம் இருக்கிறது. மூன்று நிமிடம், பின்னால் ஃபேன் சத்தம், நடுவில் பாங்கு ஒலி.

நோட்டை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இன்னொன்று துபாயிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் போகட்டும். எடுத்த படங்களைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் எண் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கு அவர் இன்னொரு பெட்டியைத் திறப்பார். நோட்டில் இருபத்தொன்றாம் எண்ணைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.